வீட்டிலேயே ஆக்ஸில் பூட் மாற்ற விரும்புவோருக்கு

முதல் படி, நம்பாமல் இருப்பது. ஆயில் மாற்றப் போன இடத்தில் பையன் குனிந்து பார்த்து நிமிர்ந்து, "சார், லெஃப்ட் சைடு ஆக்ஸில் பூட் கிழிஞ்சிருக்கு" என்பான். "போன சர்வீஸ்லதானே எல்லாத்தையும் பார்த்தாங்க" என்று சொல்லிவிட்டு, ஆயிலுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அவன் சொன்னது உண்மையென்று உங்களுக்கும் தெரியும். ஆனாலும் மெக்கானிக் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்பது நம் ஊரில் கார் வைத்திருப்பவர்களின் கொள்கை. அந்தக் கொள்கையின் பலத்தில் இரண்டு மூன்று மாதம் ஓட்டலாம்.

அதற்குள் சந்தேகம் வந்துவிடும். வந்ததும் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவைத்து, செல்போன் வெளிச்சத்தில் முன்சக்கரத்தின் பின்புறம் எட்டிப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வரும் இரும்புத் தண்டின் முனையில், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி, மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர் ஒன்று இருக்கும். கிழிசல் மடிப்பின் பள்ளத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். சக்கரம் நேராக இருந்தால் கண்ணில் படாது, ஒடித்தால் வாயைத் திறக்கும். குனிய முடியாதவர்கள் ரிம்மின் உள்பக்கத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தாலே போதும். பன்னிரண்டு அங்குல ரிம் போட்ட சின்ன கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 600 தடவை சுற்றுகிறது. அந்தச் சுழற்சியில் பூட்டுக்குள் இருந்த கிரீஸ் கிழிசல் வழியே தெறித்து ரிம், ஷாக் அப்சார்பர், பிரேக் காலிப்பர் எல்லாவற்றுக்கும் அபிஷேகம் ஆகியிருக்கும். விரல் கறுப்பாக வந்தால் பையன் சொன்னது நிஜம்.

உள்ளே என்ன இருக்கிறது என்பது வேலை செய்ய அவசியமில்லை. சுற்றி நின்று வேடிக்கை பார்க்கப்போகிறவர்களுக்கு விளக்க அவசியம். அதனால் படித்துவைத்துக்கொள்ளுங்கள். அம்பாசடரிலும் பத்மினியிலும் காரைத் தள்ளுவது பின்சக்கரம், திரும்புவது முன்சக்கரம். ஆளுக்கொரு வேலை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இரண்டும் முன்சக்கரத்தின் தலையில் விழுந்தன. இழுக்க வேண்டும், திரும்ப வேண்டும், நம் சாலைகளின் பள்ளங்களில் இறங்கி ஏறவும் வேண்டும். லாரியின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கிற கிராஸ் ஜாயிண்ட்டைக் கொண்டுவந்து இங்கே மாட்டினால், திரும்பும் நேரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின் வேகம் இரண்டு தடவை கூடி இரண்டு தடவை குறையும். ஸ்டீயரிங் கையில் துடிக்கும். இதற்கு 1920களில் வழி கண்டவர் ஆல்ஃபிரட் ரெப்பா என்ற பொறியாளர். வெளியே ஒரு கிண்ணம், உள்ளே ஒரு நட்சத்திரம், இரண்டுக்கும் நடுவே வெட்டிய பள்ளங்களில் ஓடும் ஆறு எஃகுக் குண்டுகள், குண்டுகளைப் பிடித்துவைக்க ஒரு கூண்டு. தண்டு எந்தக் கோணத்தில் மடங்கினாலும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்தில்தான் குண்டுகள் நிற்கும். அதனால் உள்ளே வருகிற வேகமே வெளியே போகிறது. 1959இல் வந்த பிரிட்டிஷ் மினி கார் இதை முன்சக்கரத்தில் வைத்து ஓட்டிக் காட்டிய பிறகு, உலகத்தின் சின்ன கார்களில் பெரும்பாலானவை அந்த வழிக்கே வந்துவிட்டன.

இத்தனை நுட்பமான ஏற்பாட்டுக்கும் தெருப்புழுதிக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் ரப்பர். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மண்ணும் தண்ணீரும் உள்ளே வரும். கிரீஸில் கலந்த மணல், குண்டுகளையும் பள்ளங்களையும் பொறுமையாக அரைக்க ஆரம்பிக்கும்.

அரைத்து முடித்ததும் சத்தம் வரும். யூ டர்ன் அடிக்கும்போது முன்பக்கத்திலிருந்து டக் டக் டக் டக் என்று கேட்கும். இதற்குப் பரவலாகக் கையாளப்படும் சிகிச்சை எஃப்.எம். சத்தத்தைக் கூட்டுவது. அதற்கும் மேலே கேட்டால், முழு ஒடிப்புத் தேவைப்படாத சாலைகளாகப் பார்த்துப் போகலாம். சென்னையில் ஒருவழிப் பாதைகளையும் மெட்ரோ வேலைத் தடுப்புகளையும் வைத்துக்கொண்டு அப்படி ஒரு பாதையைக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. கிண்டலை விட்டுச் சொன்னால், சத்தம் வந்துவிட்டதென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானதல்ல. தேய்ந்த ஜாயிண்ட்டுக்குப் புது பூட் போடுவதில் பயனில்லை. ஜாயிண்ட்டையோ ஆக்ஸிலையோ முழுசாக மாற்ற வேண்டும். பூட் கிழிந்தும் சத்தம் வராத பாக்கியசாலிகள் மட்டும் மேலே படிக்கலாம்.

இனி கடைக்குப் போங்கள். ஜி.பி. ரோட்டில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டரிலும் கேட்கப்படும் கேள்விகள் இவை: "எந்த வருஷ மாடல்? பெட்ரோலா டீசலா? ஏபிஎஸ் இருக்கா? லெஃப்டா ரைட்டா? வீல் சைடா, கியர்பாக்ஸ் சைடா?" மூன்றாவது கேள்வியில் குரல் தடுமாறினால், கடைக்காரர் உங்களுக்குப் பின்னால் நிற்கும் மெக்கானிக்கைப் பார்த்து "நீங்க சொல்லுங்கண்ணே" என்று திரும்பிவிடுவார். ஆர்.சி. புத்தகத்தையும் பழைய பூட்டைப் படம் எடுத்த போனையும் கொண்டுபோனால் மானம் பிழைக்கும். கிட் என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர், பெரிய கிளாம்ப் ஒன்று, சின்ன கிளாம்ப் ஒன்று, ஒரு பாக்கெட் கிரீஸ், பெரும்பாலும் ஒரு சர்க்ளிப்பும் இருக்கும். கிரீஸ் கறுப்பாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். அதில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்திருக்கிறது, கறுப்பாகத்தான் இருக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் மஞ்சள் கிரீஸ் டப்பாவைக் காலி செய்ய இது சந்தர்ப்பமல்ல. அதோடு ஒரு புது ஆக்ஸில் நட்டும் வாங்குங்கள்.

ஒட்டுகிற பூட் என்றும் ஒன்று விற்கிறார்கள். ஒரு பக்கம் பிளந்திருக்கும். எதையும் கழற்றாமல் தண்டைச் சுற்றி வைத்து, பிளவை கோந்து போட்டு ஒட்டிவிடலாம். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. அந்தக் கோந்துக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு, ஒட்டும் இடத்தில் கிரீஸ் ஒரு துளியும் இருக்கக் கூடாது. நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தில் கிரீஸ் இல்லாத பொருள் எதுவும் கிடையாது, உங்கள் மூக்குக் கண்ணாடி உட்பட. வெளியூரில் மாட்டிக்கொண்டால் ஊர் வந்து சேர அது உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

நாள் ஞாயிறு. அடுக்குமாடியில் இருப்பவர்கள், தரைத்தளப் பார்க்கிங்கில் எண்ணெய் சிந்தக் கூடாது என்று சங்கச் செயலாளர் ஒட்டியிருக்கும் நோட்டீசுக்கு நேர் எதிரே வேலை செய்யாமல் இருப்பது நாகரிகம். பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தால் தரையும் பிழைக்கும், முதுகும் பிழைக்கும். லுங்கி வேண்டாம். பழைய பேண்ட் போடுங்கள். அரைக் கிலோ பனியன் வேஸ்ட் வாங்கி வையுங்கள். வாங்காவிட்டால் வீட்டில் காயப்போட்டிருக்கும் நல்ல துண்டு ஒன்று தானாக உங்கள் கைக்கு வந்துசேரும், மாலையில் அதற்குத் தனி விசாரணை நடக்கும்.

இனி ஆக்ஸில் நட். இந்த வேலையில் பாதி இந்த ஒரு நட்டுதான். வீல் கப்பைக் கழற்றினால் சக்கரத்தின் நடுவே தெரியும். அது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அதன் விளிம்பைத் தண்டின் காடியில் அடித்து மடக்கியிருப்பார்கள், சில கார்களில் காட்டர் பின் போட்டிருப்பார்கள். முதலில் அந்த மடிப்பை உளியால் நிமிர்த்துங்கள். பிறகு சாக்கெட். பெரும்பாலும் 30 அல்லது 32 மில்லிமீட்டர் தேவைப்படும். தள்ளுபடியில் வாங்கிய உங்கள் டூல் பெட்டியில் எது மிகப் பெரிய சாக்கெட்டோ, அதற்கு அடுத்த அளவுதான் காருக்கு வேண்டியதாக இருக்கும். அந்தப் பெட்டிகளை அப்படிக் கணக்குப் பார்த்துத்தான் செய்கிறார்களோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், இரண்டுக்கும் மேலே ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி உட்காரவையுங்கள்.

"அப்பா, எவ்ளோ நேரம்ப்பா மிதிச்சிக்கிட்டே இருக்கறது?"

"பேசாம மிதிடா. விட்டுடாத."

நட் அசையாது. சின்ன கார்களில்கூட அதை 150, 200 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கியிருப்பார்கள், அதன் மேல் பல மழைக்காலத்துத் துரு. சாக்கெட் கைப்பிடியில் ஒரு மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பைச் செருகுங்கள். பைப்பின் நுனியில் 20 கிலோ எடை விழுந்தால் ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதுதான், அவர் இதைப் பார்க்கிங்கில் செய்யவில்லை. அடுத்து கேட்கும் 'படக்' என்ற சத்தம் இரண்டில் ஒன்று. நட் தளர்ந்த சத்தம், அல்லது சாக்கெட் கைப்பிடி முறிந்த சத்தம். முகம் பைப்புக்கு நேரே இல்லாதபடி நின்றிருந்தால் இரண்டுமே கேட்கக்கூடிய சத்தங்கள்தான்.

இந்தச் சமயத்தில் கூட்டம் சேர்ந்திருக்கும். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்றவர் வருவார். "என்ன தம்பி, ஆக்ஸிலா? அம்பாசடர்ல இந்தத் தொல்லையே கிடையாது" என்பார். உண்மை. ஆனால் அம்பாசடரில் இருந்த மற்ற தொல்லைகளை ஞாபகப்படுத்த வேண்டாம், அவர் அவற்றை எல்லாம் ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தால் இருட்டிவிடும். மேலே படித்த ஆறு குண்டுகளின் கதையை எடுத்துவிடுங்கள். அடங்கவில்லையென்றால் கையில் டார்ச்சைக் கொடுங்கள். டார்ச் பிடிப்பவருக்கு யோசனை சொல்லும் உரிமை கிடையாது என்பது எல்லா ஷெட்டிலும் உள்ள வழக்கம்.

அடுத்தது காரைத் தூக்குவது. இந்த ஒரு பத்தியில் கிண்டல் இல்லை. காரோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பிக் காருக்கு அடியில் தலையையோ கையையோ விடக் கூடாது. தூக்கிய பிறகு, கார் கம்பெனி காட்டியிருக்கும் இடத்தில் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்து, அதன் மேல் கார் உட்கார்ந்ததை அசைத்துப் பார்த்த பின்தான் வேலை. செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பது பல தெருக்களில் நடக்கிறது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை கொடுக்காமல் ஒரே நொடியில் பிளக்கும். தரை சரிவாக இருந்தால் வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஸ்டாண்ட் வாங்கப் பணமில்லை என்றால் பூட் மாற்றவும் பணமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் பால் ஜாயிண்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்து, லோயர் ஆர்மைக் கடப்பாறையால் கீழே நெம்பினால் ஹப் விடுபடும். ஏபிஎஸ் வயர் இருந்தால் முதலில் அதை விடுவியுங்கள், பிறகு விடுவிக்க அது ஒரு துண்டாக இருக்காது. பிரேக் ஹோஸில் எடையைத் தொங்கவிடாதீர்கள். தண்டு ஹப்பிலிருந்து வர மறுத்தால் நட்டை முனைவரை திருப்பி மாட்டி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை தலை விரிந்து, புது நட் இந்த ஜென்மத்தில் ஏறாது. தண்டை உங்கள் பக்கம் பலமாக இழுக்கவும் கூடாது. கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயிண்ட் பல கார்களில் மூன்று உருளை வைத்த டிரைபாட் வகை. இழுத்தால் அதன் பூட்டுக்குள்ளேயே கழன்றுகொண்டு வரும். ஒரு பூட் மாற்றும் வேலை இப்போது இரண்டாகிவிட்டது, வாழ்த்துகள்.

பழைய பூட்டை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே சேர்ந்திருக்கும் கறுப்புச் சேற்றை வழித்தெடுங்கள். வெளி ஜாயிண்ட்டைத் தண்டோடு பிடித்துவைத்திருப்பது விரல் மோதிரத்தைவிடச் சின்ன ஒரு சர்க்ளிப். சில கார்களில் அதை பிளேயரால் விரித்து எடுக்க வேண்டும், பல கார்களில் அடித்தே எடுக்கலாம். நட்சத்திரத்தின் மேல் பித்தளைக் கம்பியை வைத்து ஒரே அடி. கூண்டின் மேல் அல்ல. பயந்து பயந்து இருபது தட்டு தட்டுவதைவிட நம்பிக்கையோடு ஒரு போடு போடுவது மேல். ஆபீஸில் யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நினைத்துக்கொள்ளலாம், கட்டுரையாளர் பொறுப்பல்ல.

ஜாயிண்ட் கைக்கு வந்ததும் டீசல் ஊற்றிக் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், பக்கத்தில் சிகரெட்டோடு நிற்கும் வேடிக்கைக்காரர் எப்போதும் ஒருவர் உண்டு. கழுவிய பின் நட்சத்திரத்தைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு குண்டையும் அது ஓடும் பள்ளத்தையும் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் சரி. குழி விழுந்திருந்தால், உரிந்திருந்தால், கதை முடிந்தது, ஜாயிண்ட்டே வாங்க வேண்டும். குண்டுகளை வெளியே எடுத்துத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்காதீர்கள். ஆறில் ஐந்து உங்கள் காருக்கு அடியில் இருக்கும், ஆறாவது செயலாளர் காருக்கு அடியில் இருக்கும்.

பொருத்தும் வரிசை இது: சின்ன கிளாம்ப், பூட், பெரிய கிளாம்ப், புது சர்க்ளிப், கடைசியில் ஜாயிண்ட். தண்டின் பற்களில் டேப் சுற்றிக்கொண்டால் புது ரப்பர் உள்ளே போகும்போது கீறாது. பாக்கெட் கிரீஸில் பாதியை விரலால் ஜாயிண்ட்டுக்குள் அழுத்துங்கள், மீதியை பூட்டுக்குள் போடுங்கள். ஜாயிண்ட்டைத் தட்டி ஏற்றி, சர்க்ளிப் 'டிக்' என்று விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். விழுந்ததா? நல்லது. இப்போது அட்டைப் பெட்டியின் மேல் பாருங்கள், சின்ன கிளாம்ப் அங்கேதான் இருக்கும். பட்டையாகச் சுற்றிப் பூட்டும் வகையாக இருந்தால் தப்பித்தீர்கள். காது வைத்த மூடிய வளையமாக இருந்தால், ஜாயிண்ட்டை மறுபடி அடித்துக் கழற்றுவதைத் தவிர வழி இல்லை. பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிவிடலாம் என்று டார்ச் பிடிப்பவர் இந்த இடத்தில் தன் உரிமையை மீறிச் சொல்வார். சூட்டிலும் சுழற்சியிலும் அது எத்தனை நாள் தாங்கும் என்பதை ரிம்மின் உள்பக்கம் உங்களுக்குச் சொல்லும். சின்ன பக்கத்து கிளாம்பை இறுக்கும் முன் ரப்பரின் உதட்டை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் தூக்கி, உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள். மடிப்புகள் உப்பவும் கூடாது, உள்ளே ஒட்டவும் கூடாது.

மற்றதெல்லாம் கழற்றியதற்கு எதிர் வரிசை என்று எல்லா மானுவல்களும் ஒரே வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரிக்கு மதியச் சாப்பாடு போய்விடும். முடிந்ததும் கையில் ஒரு நட் மிஞ்சும். பதற வேண்டாம். அது பழைய ஆக்ஸில் நட், மிஞ்சத்தான் வேண்டும். இரண்டு மிஞ்சினால் பதறுங்கள். புது நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, உங்கள் காரின் மானுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, விளிம்பைக் காடியில் அடித்து மடக்குங்கள். அதற்கு முன் காரைத் தரையில் இறக்கி உருட்டாதீர்கள், நட் இறுகாமல் எடை ஏறினால் வீல் பேரிங் கெடும்.

இனி கணக்கு. ரப்பர் சில நூறு ரூபாய். சாக்கெட், ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், கிளாம்ப் இறுக்கும் பிளேயர், பனியன் வேஸ்ட், பாழான துண்டு எல்லாம் சேர்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். லேபர் சார்ஜை மிச்சப்படுத்துவதற்காக இதில் இறங்குகிறவர்களுக்கு முதல் தடவை நஷ்டம்தான். நான்கு பூட்களையும் நீங்களே மாற்றுவதாக இருந்தால் கட்டுப்படியாகலாம். பழகிய மெக்கானிக் இதையெல்லாம் டீ ஆறுவதற்குள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் நட்டோடு போராடிய நேரத்துக்குள் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் வாங்கும் கூலி அந்த ஒரே அடிக்கு.

பாதியில் நின்றுபோனால் வெட்கப்படாமல் அவருக்குப் போன் போடுங்கள். ஞாயிறாக இருந்தாலும் சாக்குப் பையில் டூல்ஸோடு பைக்கில் வருவார். வந்ததும் குனிந்து பார்த்துவிட்டு, "யார் சார் இதைக் கழட்டினது?" என்பார். போன சர்வீஸ் மேல் பழி போட இப்போது வழியில்லை, உங்கள் முழங்கைவரை கிரீஸ். டீ வாங்கிக் கொடுங்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். கிரீஸ் போக முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புத்தூள் போடுங்கள். நகக்கண்ணில் இருப்பது புதன்கிழமைவரை போகாது. வழித்தெடுத்த பழைய கிரீஸைச் சாக்கடையில் தள்ளிவிடாமல், ஒரு டப்பாவில் அடைத்து மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.

அவர் கிளம்பும் முன் வலது பக்கத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முன்சக்கரக் காரில் பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு பூட்கள். மாற்றியது ஒன்று, மற்ற மூன்றுக்கும் காரின் வயது.